கல்லறை வேலியில் ஒரு பொட்டு

போன வாரம் ஜனனி தொலைபேசியில் கூப்பிட்டாள். ஹம்பேர்க்கில் நான் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்த இடுகாட்டில் இப்போது அவள்தான் தோட்டப் பகுதியைப் பார்க்கிறாள். நான் அகதியாக வந்து மண்வெட்டி பிடித்தவன். அவள் இங்கேயே பிறந்து, முறைப்படி தொழில் படித்து வேலைக்கு வந்தவள்.

“அண்ணை, ரஷ்யாக்காரரின்ர பகுதியில ஒரு செடி வேலி நிக்குதெல்லோ? அதில ஒரு இடத்தில மட்டும் செடி இல்லை. புது மைஸ்டர், எங்கட மேலாளர், அடைக்கச் சொல்லிப் போட்டார். பழைய வேலைக் குறிப்பைப் பாத்தால் வருசா வருசம் ‘ஒரு செடி பட்டுப்போனது, இலையுதிர் காலத்தில் நடப்படும்’ எண்டு கிடக்கு. ஏன் ஒருத்தரும் நடேல்லை?”

“நடாதை பிள்ளை. நான் ஒருக்கா வந்து பாக்கிறன்.”

“சரி, வாங்கோ. இன்னொண்டு. நேற்று ஒரு மனுசன் வந்து, வேலிக்கு இந்தப் பக்கம் கிடக்கிற ரஷ்யரோ, அந்தப் பக்கம் கிடக்கிற ரஷ்யரோ நல்ல ஆக்கள் எண்டு கேட்டவர். நான் முழுசிக்கொண்டு நிண்டனான். என்ன சொல்லுறது?”

“எனக்குத் தெரியாது” என்றேன். நான் மழுப்புகிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். உண்மையாகவே எனக்குத் தெரியாது. இருபது வயதில் நன்றாகத் தெரிந்திருந்தது. ஓய்வு பெற்ற பிறகு தெரியவில்லை.

இருபது வயதில் தெரிந்ததற்குக் காரணம் ஒரு தையல் கடை. யாழ்ப்பாணத்தில் அந்தக் கடையின் மேல்மாடியில் எங்களுக்கு அரசியல் வகுப்பு நடக்கும். தபால் கந்தோரில் வேலை செய்த ஒரு தோழர் வகுப்பெடுப்பார். கீழே தையல் மெசின் கடகடக்க, மேலே ரஷ்யாவின் சார் மன்னனின் ஆட்சி கவிழும். மன்னன் கொடியவன், விவசாயி பட்டினி கிடந்தான், போரில் சனம் புழுவாகச் செத்தது. பெப்ரவரியில் மன்னன் முடி துறந்தான், ஒக்டோபரில் தொழிலாளர் கைக்கு ஆட்சி வந்தது. அதன் பிறகு புரட்சியை எதிர்த்த வெள்ளைப் படையும் செம்படையும் மோதின, செம்படை வென்றது. கேட்டுவிட்டுச் சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது எங்கள் ஒழுங்கைக்கும் ஒக்டோபர் வந்துவிடும் போலிருக்கும். வென்ற பிறகு எதற்கு அவ்வளவு சிறைகள் என்று ஒருவன் கேட்டான். “அது அடுத்த வகுப்பில” என்றார் தோழர். அந்த அடுத்த வகுப்பு நடக்கவேயில்லை. அதற்குள் எங்கள் ஊரிலேயே சண்டை தொடங்கிவிட்டது.

என் மூத்த அண்ணன் ஓர் இயக்கத்துக்குப் போனான். இன்னோர் இயக்கம் அவனைச் சுட்டது. இரண்டு இயக்கமும் விடுதலைக்காகத்தான் இருந்தன. பிற்காலத்தில் யாராவது விசாரித்தால் அம்மா “அவன் காய்ச்சலில போனவன்” என்பாள். கேட்டவர்களும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

எண்பதுகளின் நடுவில் ஜேர்மனிக்கு வர எங்களுக்குத் தோதாக இருந்தது மொஸ்கோ வழி. அங்கே விமானம் மாறி, கிழக்கு பேர்லினில் இறங்கி, ரயிலேறி மேற்குப் பக்கம் வந்துவிடலாம். மொஸ்கோ விமான நிலையத்தில் இன்னொரு கதிரையில் காலை நீட்டிக் கண்ணயர்ந்தேன். நிலம் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் துடைப்பத் தடியால் என் காலில் தட்டி, ஏசு ஏசென்று ஏசினாள். நான் நேரில் கண்ட முதல் சோவியத் தொழிலாளி அவள்தான். ரஷ்ய மொழியில் தோழர் என்ற சொல் மட்டும் எனக்குத் தெரியும். சமாதானமாகப் போகட்டும் என்று அதைச் சொன்னேன். அவளுக்குக் கோபம் இன்னும் கூடியது.

இடுகாட்டு வேலை கிடைத்தபோது ஊரவர்களிடம் “பூங்காவில வேலை” என்றுதான் சொன்னோம். பொய்யில்லை, பூவும் இருந்தது, காவும் இருந்தது. என் மனைவி மட்டும் விடமாட்டாள். “இஞ்சேருங்கோ, சுடலையால வந்த கையோட ஒண்டையும் தொடாதேங்கோ. முதல் குளிச்சிட்டு வாங்கோ.” பனியோ காய்ச்சலோ, இவ்வளவு வருடமும் வாசலில் இருந்து நேரே குளியலறைக்குத்தான் போனேன்.

என் மேலாளர் ஹெர் லூடர்ஸ், எங்கள் பேச்சில் லூடர்ஸ் ஐயா. இடுகாட்டு மைஸ்டர். உயரமானவர், குரல் உயராதவர். வேலை தொடங்குமுன் அவர் ஒன்று செய்வார். தொப்பியைக் கழற்றி, கல்லில் இருக்கும் பெயரை வாசித்து, கீழே கிடப்பவருக்குக் காலை வணக்கம் சொல்வார். “குட்டன் மோர்கன், ஹெர் ஷ்மிட். இன்று உங்கள் பக்கத்தில் கொஞ்சம் சத்தம் வரும்.” நான் முதலில் மனுசனுக்குக் கழன்றுவிட்டது என்று நினைத்தேன். பிறகு எனக்கும் அது பழகிவிட்டது. தொப்பி போடாத நாளில் வெறும் தலையில் கைவைத்துக் கழற்றுவது போலச் செய்வேன். சட்டம் என்றால் அவர் ஓர் அங்குலம் விலகமாட்டார். பொய் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை, இரண்டே இரண்டு தரம் தவிர.

ரஷ்யர்கள் எங்கள் இடுகாட்டில் இரண்டு இடத்தில் கிடந்தார்கள். ஒரு மூலையில் பழைய சிலுவைகள். கீழே ஒரு சாய்ந்த குறுக்குக் கட்டை வைத்த ரஷ்யச் சிலுவை. புரட்சிக்குத் தப்பி வந்து இங்கேயே இறந்தவர்கள் அவர்கள். இன்னொரு பக்கம் பெரிய புல்வெளி, நடுவே சிவப்பு நட்சத்திரத் தூண். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியர் பிடித்து வைத்து, பட்டினி போட்டுச் சாகவிட்ட சோவியத் வீரர்கள் அங்கே. அவர்களில் பலர் உக்ரேனியர்கள் என்பது உக்ரேனில் போர் தொடங்கிய பிறகுதான் சனத்துக்கு ஞாபகம் வந்தது.

இந்த நாட்டில் கல்லறை சொந்தமில்லை. குறிப்பிட்ட வருடங்களுக்குத்தான் நிலம் தருவார்கள். நீட்டிக்காவிட்டால் கல்லை எடுத்து, புல் விதைத்துவிடுவார்கள். போரில் இறந்தவர்களின் கல்லறைக்கு மட்டும் விதிவிலக்கு, அதை என்றைக்கும் தொடமுடியாது.

“அப்படியென்றால் நீங்கள் கொன்ற ரஷ்யருக்கு நிரந்தர இடம், நீங்கள் இடம் கொடுத்த ரஷ்யருக்குத் தவணையா?” என்று லூடர்ஸைக் கேட்டேன்.

“ஓம்” என்பதற்கு அவர் தலையை மட்டும் அசைத்தார். “சட்டம் நல்லவரா கெட்டவரா என்று கேட்பதில்லை, எப்படி இறந்தார் என்று மட்டும் கேட்கும்.”

எனக்குத் தலையைச் சுற்றியது. தையல் கடை வகுப்பில் இதற்கு இடமே இருக்கவில்லை.

பழைய சிலுவைகளின் மூலைக்கு ஒழுங்காக வந்தவர் லெபெடெவ் அம்மா. நான் சொல்லும் காலத்தில் எண்பதை நெருங்கியவர். கல்யாணம் கட்டாதவர், ஒட்டு உறவு இல்லை. அவருடைய தகப்பன் சார் மன்னனின் படையில் இளம் அதிகாரி. புரட்சிக்குப் பிறகு கடல் தாண்டி ஓடி வந்து, ஹம்பேர்க் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் வேலை பார்த்து இறந்தவர். ஈஸ்டர் கழிந்ததும் அம்மா சிவப்பு முட்டையும் இனிப்பு ரொட்டியும் ஒரு சின்னக் கிளாஸ் வோட்காவும் கொண்டுவந்து தகப்பனுக்குப் படைப்பார். கல்லறையில் சாப்பாடு வைக்கக்கூடாது, எலி வரும், உடனே அகற்றவேண்டும் என்பது விதி. அகற்ற வேண்டியவன் நான். ஆனால் படையலை எப்படிக் காகம் வாய் வைக்குமுன் எடுப்பது? அம்மா போன பிறகு மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு நிற்பேன்.

“ஏன் இன்னும் எடுக்கவில்லை?” என்று லூடர்ஸ் வந்தார்.

“காகம் வரட்டும், ஹெர் லூடர்ஸ்.”

“காகத்துக்கு நேரம் குறித்து டெர்மீன் கொடுத்திருக்கிறீரா?”

அவரும் கைகட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். காகம் வந்து முட்டையைக் கொத்திய பிறகுதான் இருவரும் போனோம். அதை அம்மா மரத்தடியில் நின்று பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து என்னோடு கதைப்பார்.

பிறகுதான் அந்தக் கஷ்டமான விஷயம் வந்தது. சனம் இப்போது எரிப்பதையும் காட்டில் புதைப்பதையும் விரும்புகிறது, இடுகாட்டில் நிலம் மிஞ்சுகிறது. பழைய சிலுவை மூலையை மூடிப் பூங்காவோடு சேர்ப்பதென்று முடிவானது. இனி நீட்டிப்பு இல்லை. லெபெடெவ் அம்மாவுக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்த ஆசை ஒன்றுதான், தகப்பனுக்குப் பக்கத்தில் கிடப்பது. லூடர்ஸ் அவருக்காக ஓடித் திரிந்தார். ரஷ்யச் சிலுவை வைக்க ஒரே ஒரு வரிசைதான் அகப்பட்டது. அது சிவப்பு நட்சத்திரப் புல்வெளியை ஒட்டியபடி இருந்தது.

அம்மா முகம் வெளிறிவிட்டது. “அவர்களுக்குப் பக்கத்திலா? முடியாது.” மாதக்கணக்காக மறுத்தார். மறுத்தால் கல்லும் போகும், தகப்பனும் புல்லுக்குக் கீழே போவார், தானும் எங்கோ தனியே கிடக்கவேண்டும் என்று அவருக்குத் தெரியும். கடைசியில் ஒரு நிபந்தனையோடு வந்தார். நடுவே வேலி வேண்டும், உயரமாக, இடைவெளி இல்லாமல்.

எனக்கு அது விளங்கியது. யாழ்ப்பாணத்தான் வேலிக்கென்றே பிறந்தவன். ஒரு சாண் எல்லைக்காக நீதிமன்றம் ஏறி இறங்கி, பேரப்பிள்ளை காலம் வரை வழக்காடுகிற ஊர் எங்களது. செங்கொடிக்குப் பயந்து ஓடிய அதிகாரி, செத்த பிறகும் வேலி கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். லூடர்ஸ் வரைபடத்தில் வேலியைக் கோடு போட்டார்.

எலும்பை இடம் மாற்றுவது குளிர்காலத்தில்தான். சுகாதார அலுவலகம் அனுமதி தரவேண்டும், வாசல் திறக்குமுன் முடிக்கவேண்டும், சுற்றிவரச் சீலை கட்டவேண்டும், உறவினர் உள்ளே வரக்கூடாது. மேல்மண்ணைச் சின்ன இயந்திரம் எடுக்கும். அதன் பிறகு மண்வெட்டி. மண்ணின் நிறம் மாறி, ஈரத்தேயிலை போல ஒரு கறுப்புப் பட்டை தெரிந்ததும் மண்வெட்டியையும் வைத்துவிட்டுக் கைக்கரண்டியோடு முழங்காலில் இருக்கவேண்டும். தலைப்பக்கம் இருந்துதான் தொடங்குவோம், மண்டையோடு மென்மையானது, தெரியாமல் மிதித்துவிடக்கூடாது.

லூடர்ஸ் தொப்பியைக் கழற்றினார். “குட்டன் மோர்கன், ஹெர் லெபெடெவ். உங்களை அதிக தூரம் கொண்டுபோகவில்லை.”

சிலுவை நின்ற பக்கத்தில் தொடங்கினோம். ஜேர்மன் கல்லறையில் கல் தலைமாட்டில் நிற்கும். வந்தது சப்பாத்துத் தோல். அப்போதுதான் ரஷ்யர் சிலுவையைக் கால்மாட்டில் நடுகிறவர்கள் என்பது இருவருக்கும் ஞாபகம் வந்தது, எழும்பும் நாளில் சிலுவையைப் பார்த்தபடி எழும்பவேண்டுமாம். வலது சப்பாத்தை நான் தூக்கும்போது உள்ளே ஏதோ இடறியது. மெழுகுத் துணியில் சுற்றிய ஒரு சின்ன உலோகம். துடைத்துப் பார்த்தால் சிவப்பு எனாமல் நட்சத்திரம். நடுவே சுத்தியலும் கலப்பையும்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். செம்படையின் தொப்பி நட்சத்திரம், சார் மன்னனின் அதிகாரியின் காலுக்குள். அரிவாள் இருக்கவேண்டிய இடத்தில் கலப்பை வேறு. தொடக்க காலத்தில் அப்படித்தான் இருந்ததென்று பிறகு அறிந்தேன். லூடர்ஸின் முகத்தில் ரத்தமே இல்லை. “பிழையான ஆளைத் தோண்டிவிட்டோமா?” என்று வரைபடத்தை மறுபடி மறுபடி பார்த்தார். இலக்கம் சரி. மறுமுனைக்குப் போய்ப் பொறுமையாக மண்ணை நீக்கினோம். நெஞ்செலும்புக்கு மேலே மன்னர் காலத்து வீரச் சிலுவை ஒன்று கிடந்தது. ஆள் அவர்தான். இரண்டும் அவருடையதுதான்.

“கிடைத்தது பெட்டிக்குள்” என்றார் லூடர்ஸ். அதுதான் விதி. எலும்புகளை முறைப்படி அடுக்கி, சிலுவையையும் நட்சத்திரத்தையும் வைத்து மூடி, ஆணி அடித்து, முத்திரை வைத்தார். பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில், “அந்த அம்மா இவ்வளவு வருடம் ஒரு தகப்பனை நினைத்துக் கும்பிட்டிருக்கிறார்” என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. எனக்கு அண்ணன் செத்ததாக எங்கள் வீட்டில் சொன்ன காய்ச்சல் நினைவு வந்தது. நானும் தலையாட்டினேன்.

அம்மா வெளியே மர வாங்கில் கம்பளிச் சால்வையோடு இருந்தார். “அப்பாவோடு என்ன இருந்தது?” என்று கேட்டார்.

“ஒரு சிலுவை, அம்மா” என்றார் லூடர்ஸ். “நல்ல நிலையில்.”

“வேறு?”

“வேறு ஒன்றும் இல்லை.”

“வலது சப்பாத்துக்குள்?”

லூடர்ஸ் என்னைப் பார்த்தார். அம்மா எழுந்துவிட்டார். “யாரோ எடுத்துவிட்டார்கள்!” கண் என் பக்கம் வந்து, என் மண் பிடித்த கையில் நின்றது. அந்தப் பார்வையை என் உயிருள்ளவரை மறக்கமாட்டேன். வேலை போய்விடும் என்ற பயத்தை விட, இவரும் என்னை இப்படிப் பார்த்துவிட்டாரே என்பதுதான் வலித்தது.

லூடர்ஸின் காது வரை சிவந்தது. “நான் பொய் சொன்னேன்” என்றார். முத்திரை வைத்த பெட்டியைத் திறக்கக்கூடாது. அவர் உளியை எடுத்து, தானே வைத்த முத்திரையைத் தானே உடைத்து, துணிச் சுருளை எடுத்து அம்மாவின் கையில் வைத்தார்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “பாதிரியாருக்குத் தெரியாமல் நானும் என் தாயும்தான் சப்பாத்துக்குள் ஒளித்து வைத்தோம். அப்பாவின் தாயையும் தங்கையையும் பிணையாக வைத்துக்கொண்டு செம்படை இவரைச் சேர்த்தது. இவரும் சேர்ந்து, ஆட்களுக்குச் சண்டை பழக்கினார். பிறகு ஒரு பாலத்தடியில் மறுபக்கம் போய்விட்டார். பழக்கிய பெடியன்கள் இந்தக் கரையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களாம். தாயும் தங்கையும் என்ன ஆனார்கள் என்று கடைசி வரை தெரியாது. நீங்கள் யார் பக்கம் என்று ஒரு முறை கேட்டேன். ‘எந்த ஆண்டில்?’ என்று திருப்பிக் கேட்டார்.”

“அதற்காகத்தான் வேலியா?” என்றார் லூடர்ஸ்.

“அவர்கள் இவரை மன்னிக்கமாட்டார்கள்.”

“இவர்கள் வேறு வீரர்கள், அம்மா” என்றேன். “பிந்திய போரில் இறந்தவர்கள்.”

“அவர்களுடைய பிள்ளைகள்தானே” என்றார்.

வசந்தத்தில் வேலிக்கு ஹெயின்பூக்க என்ற மரக்கன்றுகள் வந்தன. நான் நட நட அம்மா பக்கத்தில் மடக்குக் கதிரையில் இருந்து பார்த்தார். பாதி நட்டதும், “முழுக்க மூடிவிடுமா?” என்று கேட்டார். ஓம் என்றேன். நல்லது என்றார். கொஞ்ச நேரத்தில் மறுபடி, “அந்தப் பக்கம் ஒன்றுமே தெரியாதா?” என்றார். வேலி வேண்டும், வேலி வேண்டாம். அவருக்கும் குழப்பம், எனக்கும் குழப்பம். எங்கள் ஊர்க் கதையைச் சொன்னேன்.

“எங்கள் ஊரில் எல்லைக்குச் சண்டை பிடித்துத்தான் வேலி அடைப்போம். அடைத்த பிறகு அதில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு இடம் விடுவோம். அதற்குப் பொட்டு என்று பெயர். அவசரத்துக்கு நெருப்பு, உப்பு, ஒரு நெட்டுக் கறிவேப்பிலை கேட்க அதற்குள்ளால்தான் போவோம். வழக்கு நடக்கும் காலத்திலும் கறிவேப்பிலைக்குப் போவோம்.”

அம்மா கதிரையை வேலிக்குக் கிட்ட இழுத்துக்கொண்டார். “ஒன்று விடுங்கள்” என்றார். “கூப்பிட்டால் அப்பா போகட்டும். போய்விட்டுத் திரும்பி வரட்டும்.”

லூடர்ஸ் வரைபடத்தோடு வந்து பார்த்தார். வரைபடத்தில் இடைவெளி இல்லை. என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மிச்சமாகக் கிடந்த நல்ல பச்சைக் கன்றைப் பார்த்தார். “இது பட்டுப்போய்விட்டது” என்றார். “இலையுதிர் காலத்தில் நடுவோம்.” தான் ஓய்வு பெறும்வரை வருடா வருடம் அதையே எழுதினார். பிறகு நான் எழுதினேன். லெபெடெவ் அம்மாவும் இப்போது தகப்பனுக்குப் பக்கத்தில்தான்.

நேற்று போய் ஜனனியோடு பார்த்தேன். என் தோளுக்கு மேல் வேலி வளர்ந்திருக்கிறது. பொட்டில் புல் இல்லை, தேய்ந்து மண் தெரிந்தது. யாரோ நடக்கிறார்கள். இந்தப் பக்கச் சிலுவைகளில் சிவப்பு முட்டை ஓடு கிடந்தது. அந்தப் பக்கத் தூணடியிலும் கிடந்தது. எந்தப் பக்கத்தார் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஜனனி குனிந்து மண்ணைத் தடவிப் பார்த்தாள். “இதில செடி பிடியாது அண்ணை. கல்லு மாதிரி இறுகிப் போச்சு. மைஸ்டருக்கு அப்பிடியே சொல்லுறன்.”

திரும்பும்போது நேரே வீட்டுக்குப் போகாமல் பிரதான ரயில் நிலையத்தில் இறங்கிவிட்டேன். அங்கே ஒரு தமிழ்க் கடை இருக்கிறது. கடைக்காரர் ஒரு காலத்தில் என் அண்ணனைச் சுட்ட இயக்கத்தில் இருந்தவர். சுட்டது அவரா, அந்த நாளில் அவர் எங்கே நின்றார், எனக்குத் தெரியாது. கேட்டதுமில்லை. கோயிலில் கண்டால் இருவரும் தேரைப் பார்ப்போம். இவ்வளவு வருடமும் அந்தக் கடைப் படியை நான் மிதிக்கவில்லை. ஏன் நேற்று ஏறினேன் என்று இப்போதும் விளங்கவில்லை.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கையில் இருந்த தராசுத் தட்டை வைத்துவிட்டார்.

“கறிவேப்பிலை இருக்குதோ?” என்றேன்.

“ஓம் அண்ணை” என்றார். “இண்டைக்குத்தான் வந்தது.”

வீட்டில் பையை வாங்கி மோந்து பார்த்த மனைவி, “நல்ல வாசம். எங்கை வாங்கினீங்கள்?” என்று கேட்டாள். கடையைச் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சுடலையால தானே வாறீங்கள்” என்றாள் கடைசியில். “முதல் குளிச்சிட்டு வாங்கோ.”

குளித்துவிட்டு வெளியே வந்தபோது, எண்ணெயில் கறிவேப்பிலை பொரிகிற மணம் வீடு முழுக்க வந்துகொண்டிருந்தது.